டங்கிலாஸ்டியஸ் முதுகில் சேணத்தை எங்கே வைப்பது?

கேள்வி: பெங்களூர் மாரத்தஹள்ளியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, ஆபீஸ் முடிந்த இரவுகளில் கோடாட் என்னும் கேம் செய்யும் மென்பொருளில் (என்ஜின்) ஒரு சர்வைவல் கேம் செய்கிறோம். கடல் பகுதியில் டங்கிலாஸ்டியஸ் மீனைப் பழக்கி, ஏறிச் சவாரி செய்ய வேண்டும். மயக்க ஈட்டி எறிந்து, இறைச்சி ஊட்டி, திரையில் ஓடும் அளவுப் பட்டை நிரம்பினால் மீன் நம்முடையது என்று வைத்திருக்கிறோம். ஆடிப் பார்த்தவர்கள் ‘மோட்டார் படகு ஓட்டுற மாதிரி இருக்கு’ என்கிறார்கள். இருவருக்குத் தலைசுற்றல். மீன் அடிக்கடி பாறையில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே தவறு?

பதில்: இவை மூன்று தனித்தனிப் பிழைகள் இல்லை. தரையில் ஓடும் மிருகத்துக்கு எழுதிய விதிகளை மீனுக்குப் போட்டால் மூன்றும் சேர்ந்தேதான் வரும். டங்கிலாஸ்டியஸின் எலும்பே பாதி வடிவமைப்பைச் செய்து வைத்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

இந்த மீன் சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தின் கடைசியில் வாழ்ந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து ஷேல் என்னும் பாறையில் நல்ல மாதிரிகள் கிடைத்திருக்கின்றன. கிடைப்பது பெரும்பாலும் தலைக் கவசமும் மார்புக் கவசமும்தான். பின்னுடல் குருத்தெலும்பு என்பதால் மிஞ்சவில்லை. அதனால்தான் பழைய படங்களில் நீளம் 8, 10 மீட்டர் என்றெல்லாம் போனது. 2023-இல் வந்த மறுகணிப்பு சாதாரண மீனுக்கு சுமார் 3.4 மீட்டர், மிகப் பெரியதற்கு சுமார் 4.1 மீட்டர் என்கிறது; உடலும் சூரை மீன் போலத் தடித்து, நீளத்தில் குறுகியது. உங்களுக்கு இது நல்லதுதான். 4 மீட்டர் மீனில் ஆள் பொருத்தமாக உட்காரலாம். 9 மீட்டர் மீனில் ஏற்றினால் எருமை மேல் காக்கா உட்கார்ந்த கதைதான்.

இப்போது சேணம். மீன்கள் உடலைப் பக்கவாட்டில் வளைத்து நீந்துகின்றன. வால் மேலும் கீழும் அடிப்பது டால்பினுக்கும் திமிங்கலத்துக்கும். முதுகின் நடுவில் ஆளை உட்கார வைத்தால் ஒவ்வொரு வால் வீச்சுக்கும் அவர் இடம் வலம் ஆடுவார். உங்கள் நண்பர்களுக்குத் தலைசுற்றியதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மூக்கு நுனியிலிருந்து உடல் நீளத்தில் கால் பங்குக்கு அருகில் ஆட்டம் மிகக் குறைவு. டங்கிலாஸ்டியஸில் அந்த இடத்தில்தான் வளையாத மார்புக் கவசம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தலைக் கவசமும் மார்புக் கவசமும் கழுத்தில் கீல் போல இணைகின்றன. வாய் திறக்கும்போது கீழ்த்தாடை இறங்குவதோடு மண்டையும் மேலே தூக்கும். சேணத்தின் முன்விளிம்பு அந்த மூட்டைத் தாண்டினால், ஒவ்வொரு கடிக்கும் ஆளின் முழங்கால் மண்டை ஓட்டுக்குள் புகுந்து வெளியே வரும். முழுச் சேணமும் மூட்டுக்குப் பின்னால், மார்புக் கவச எலும்பின் மேல் மட்டும் இருக்கட்டும்.

மாடலை அசைக்கும் எலும்புக்கூட்டுக்கு (ரிக்) மண்டை, தாடை, மார்பு என்று வளையாத எலும்பு மூன்று. அதன் பின்னால் வால் வரை ஆறு. ஒரு முழு வீச்சு 360 டிகிரி என்று கொண்டால், ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக 30 டிகிரி தாமதத்தில் ஆடட்டும்; வீச்சு வாலை நோக்கிப் போகப்போகப் பெருகட்டும்.

வால் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும் என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். வினாடிக்கு எத்தனை வீச்சு என்பதை வால் நுனி கடக்கும் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுத்தால், பெரும்பாலான மீன்களுக்கு 0.2 முதல் 0.4 வரை வரும். ஸ்ட்ரூஹால் எண் என்பார்கள். 0.3 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வால் வீசும் அகலம் உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 மீட்டர். வினாடிக்கு 4 மீட்டர் போகும்போது 0.3 × 4 ÷ 0.8 = 1.5 வீச்சு. பாய்ச்சலில் 8 மீட்டர் என்றால் 3 வீச்சு. படகு போலத் தோன்றுவது பெரும்பாலும் இங்கேதான்: வேகம் இரட்டிப்பாகிறது, வால் பழைய தாளத்திலேயே அடிக்கிறது.

இதை எழுதும்போது எல்லோரும் ஒரு குழியில் விழுவார்கள். அதிர்வெண்ணை விளையாட்டின் மொத்த நேரத்தால் பெருக்கி சைன் எடுப்பார்கள். ஆட்டம் தொடங்கி 600 வினாடி ஆன பிறகு அதிர்வெண் 1.5-லிருந்து 1.6 ஆனால், 0.1 × 600 = 60 முழு வீச்சுகள் வேகம் மாறும் அந்த ஒரு நொடிக்குள் ஓடிவிடும்; வால் நடுங்கும். ஆட ஆட நடுக்கம் கூடும், ஐந்து நிமிடம் மட்டும் சோதித்தால் பெரிதாகத் தெரியாது. வீச்சில் வால் எந்த இடத்தில் இருக்கிறது என்னும் கட்டத்தை (ஃபேஸ்) தனி மாறியில் வைத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் ‘அதிர்வெண் × அந்த ஃப்ரேமின் நேரம்’ மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள்.

அசைவைப் பார்த்துப் படிக்க வேண்டுமென்றால் சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய வளர்ப்பு மீன் கடைகளில் கோய் மீனை மேலிருந்து ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வளைவு தெரியாது.

பாறையில் ஒட்டுவதற்குக் காரணம் எளிது. பாத்திரங்களை நகர்த்தி மோதலைக் கவனிக்கும் கோடாடின் கேரக்டர்பாடி3டி இயல்பாகத் தரை நடைக்கானது. சரிவைப் பார்த்தால் தரை என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். மோஷன் மோடை ஃப்ளோட்டிங் ஆக்குங்கள். மோதலைக் கணிக்கும் மாத்திரை வடிவ உறையான கேப்ஸ்யூல் நின்றபடி இருக்கும், அதை 90 டிகிரி படுக்க வையுங்கள். அடி படுவதற்குத் தனியாகத் தலை, மார்பு, வால் என்று மூன்று பகுதி வைத்து, கவசமுள்ள முன்பக்கத்தில் சேதம் 0.3 மடங்கு, கவசமில்லாத வால் பக்கத்தில் 1.5 மடங்கு என்று கொடுங்கள். எதிரி எங்கே அடிக்க வேண்டும் என்பதை உருவமே சொல்லிவிடும்.

திரும்பும் ஆரம் என்பது வேகத்தைச் சுழல்வேகத்தால் வகுத்தது. வினாடிக்கு 60 டிகிரி (1.05 ரேடியன்) திரும்பும் மீனுக்கு 4 மீட்டர் வேகத்தில் ஆரம் 3.8 மீட்டர், 8 மீட்டர் வேகத்தில் 7.6 மீட்டர். லெவல் வடிவமைப்பவர் இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும். 10 மீட்டர் அகலக் குகையில் பாய்ச்சலில் திரும்பினால் மோதித்தான் ஆகும். அதைப் பிழை என்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள்.

வழி கண்டுபிடிக்க வைக்கும் நேவிகேஷன் மெஷ் பரப்புக்கானது, நீரின் கனஅளவுக்கு உதவாது. புள்ளிகளை இணைத்து வழி தேடும் ஏஸ்டார்3டியில் 4 மீட்டர் இடைவெளிப் புள்ளிகள் போதும்: 200 × 200 × 40 மீட்டர் கடலுக்கு 25,000 புள்ளி. 2 மீட்டர் இடைவெளி என்றால் அது 2 லட்சமாகிவிடும், பலன் ஒன்றும் கூடாது. பின்தொடரும் மீனுக்கு இதுவும் வேண்டாம். ஆள் கடந்த பாதையில் 3 மீட்டருக்கு ஒரு புள்ளி போட்டு அதன் வழியே வரச் சொல்லுங்கள். இடுக்கு மீனைவிடக் குறுகலாக இருந்தால் வாசலிலேயே காத்திருக்கட்டும்.

கேமராவை எந்த எலும்போடும் கட்டாதீர்கள். மீனின் மூலப் புள்ளியோடு கட்டுங்கள். திருப்பத்தில் மீன் 15 டிகிரி சாயலாம், கேமரா சாயக் கூடாது. நீர்மட்டத்தில் காட்சி நீருக்கு மேலே, கீழே என்று மாறி மாறி மினுக்கினால், நீருக்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையே 0.3 மீட்டர் இடைவெளி வையுங்கள்.

கடி இந்த மீனின் அடையாளம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலில் மாடலில் பற்கள் இருந்தால் அழியுங்கள்: இதற்கு இருப்பது ஒன்றோடொன்று உரசிக் கூர்மையாகும் எலும்புத் தகடுகள். 2007 ஆய்வின் கணிப்புப்படி வாய் திறக்க 20 மில்லிவினாடி, கடி விசை தாடை முனையில் சுமார் 4,400 நியூட்டன். வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிவினாடி. உண்மையான வேகத்தில் காட்டினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே திறப்பதற்கு முன் மண்டை லேசாகப் பின்வாங்கும் ஒரு 300 மில்லிவினாடி முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, திறப்பை இரண்டே ஃப்ரேமில் முடியுங்கள். அவ்வளவு வேகமாக வாய் திறந்தால் நீர் உள்ளே இழுபடும். வாய்க்கு முன் 1.5 மீட்டருக்குள் இருக்கும் சிறுமீன், கீழே போட்ட பொருள் எல்லாம் உள்ளே வரட்டும். பல பேர் ஆடும் ஆட்டமாக இருந்தால் சர்வர் தாடை நிலையைப் பார்த்துச் சேதத்தைக் கணக்கிடக் கூடாது. கடி தொடங்கிய செய்தியை வைத்தே முடிவு செய்யட்டும்.

கடைசியாகப் பழக்குதல். மயக்க ஈட்டியை எடுத்துவிடுங்கள். நீருக்குள் மயங்கிக் கிடக்கும் மீன் அருகே பட்டை நிரம்பக் காத்திருப்பதில் அந்த மீனைப் பற்றி ஆடுபவர் எதையும் தெரிந்துகொள்வதில்லை. இந்த மீனின் புதைபடிவங்களோடு பாதி செரித்த மீன் எலும்புக் குவியல்களும் கிடைத்திருக்கின்றன. அதையே தடயமாக்குங்கள்: கடலடியில் எலும்பு உருண்டை கிடந்தால் அருகில் மீன் உண்டு. ஆடுபவர் ஓடுள்ள இரையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, 1.5 மீட்டருக்கு வெளியே நிற்க வேண்டும்; உள்ளே நின்றால் அவரும் இரையோடு போவார்.

எண்கள் இப்படி: நம்பிக்கை 0 முதல் 100. ஒரு இரைக்கு 12. முந்தைய இரை கொடுத்து 90 வினாடி ஆகுமுன் கொடுத்தால் பாதிதான். நிமிடத்துக்கு 1 குறையும். ஆடுபவர் கையால் அடிபட்டால் 30 குறையும். ஒன்பது இரை கொடுத்தால் 108, இடையில் 12 நிமிடம் போனதால் மீதி 96. பத்தாவது இரையில், சுமார் பதின்மூன்றரை நிமிடத்தில் மீன் பழகும். 50-ஐத் தொட்டதும் ஒரு பூட்டு போடுங்கள், அதற்குக் கீழே போகக் கூடாது. பத்து நிமிடம் உழைத்த பிறகு எங்கிருந்தோ வந்த சுறாவால் எல்லாம் பூஜ்யமானால் ஆடுபவர் ஆட்டத்தையே மூடிவிடுவார்.

இரண்டாவது மீன் யோசிக்கும்போது ஒஹாயோ வரை போக வேண்டாம். பெரம்பலூர் பக்கம் காரை என்னும் ஊர்ப் பாறைகளில் டைக்கோடஸ் என்னும் கிரெட்டேசியஸ் காலச் சுறாவின் பல் கிடைத்திருக்கிறது. அம்மிக்கல் போல வரிவரியாகக் கொத்திய தட்டைப் பல், சிப்பியையும் கடினமான ஓடுகளையும் நொறுக்கவே அமைந்தது. அதற்குக் கயிற்றில் தொங்கும் இரை சரிவராது, கடலடியில் சிப்பியைப் பரப்பிவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.