பெட்ரோலியக் கிணற்று அழுத்தக் கணிப்பு மலையகச் சுரங்கத்துக்கும் பொருந்துமா?

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் நிலத்தடி அழுத்தத்தை முன்பே கணிக்கிறார்களே, அதே கணக்கைப் போட்டிருந்தால் 2014 டிசம்பரில் இலங்கை மலையகத்தின் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் நீர் உடைத்ததைத் தடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். பண்டாரவளைப் பக்கம் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. அதற்காக ஒன்றுமே செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணெய்த் துறையில் பாறைக்குள் இருக்கும் நீரழுத்தத்தைக் கணிக்க 1975இல் வந்த ஈட்டன் சமன்பாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஷேல் எனும் களிப்பாறை, மேலே சுமை ஏற ஏற நசுங்கி நீரை வெளியேற்றும். நீருக்கு வழி அடைபட்டால் நசுங்காமல் நின்றுவிடும், சுமையில் ஒரு பங்கு நீரின் தலையில் விழும். அப்படிப்பட்ட பாறையில் ஒலி மெதுவாகப் போகும். 3000 மீற்றரில் மேற்சுமை 67.8 மெகாபஸ்கல், இயல்பான நீரழுத்தம் 31.5 என்று வைப்போம். ஓர் அடியைக் கடக்க 80 மைக்ரோசெக்கன் எடுக்க வேண்டிய ஒலி 100 எடுக்கிறது. 80ஐ 100ஆல் வகுத்தால் 0.8, அதன் மும்மடி 0.512. மேற்சுமைக்கும் இயல்பான நீரழுத்தத்துக்கும் வித்தியாசமான 36.3ஐ அதனால் பெருக்கினால் 18.6, அதை மேற்சுமையில் கழித்தால் பாறைக்குள் இருக்கும் நீரழுத்தம் 49.2 மெகாபஸ்கல். துளையை நிரப்பும் சேறு தண்ணீரைவிட 1.67 மடங்கு கனமாக இருந்தால்தான் ஈடுகொடுக்கும். 1.2இல் போனால், அதே அழுத்தமுள்ள மணற்பாறை குறுக்கிட்டதும் வாயு துளைக்குள் பாயும். மிதமிஞ்சிக் கனமாக்கினாலோ பாறை பிளந்து சேறு ஓடிவிடும். வாயு உருவாகி அழுத்தம் ஏறிய பாறையில் இந்த மும்மடிக் கணக்கு அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் என்பது தெரியும். துறைக்காரர்கள் அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.

2011இல் எரிவாயு கிடைத்த மன்னார்ப் படுகைக்கு இது சரி, அது படிவுப்பாறை. மலையகத்தில் இருப்பது நைஸ், குவார்ட்சைட், பளிங்கு என்ற கெட்டியான உருமாறிய பாறைகள். நசுங்கவோ நீரைப் பிழியவோ அவற்றில் இடமில்லை. நீர் வெடிப்புகளில்தான் நிற்கிறது. அதனால் அழுத்தத்தை நிர்ணயிப்பது மலைக்குள் இருக்கும் நீர்மட்டம். சுரங்கத்துக்கு மேல் 200 மீற்றரில் நீர்மட்டம் இருந்தால், வெடிப்பில் ஏறத்தாழ 19.6 பார் (1.96 மெகாபஸ்கல்) அழுத்தம் வரை எதிர்பார்க்கலாம். எந்த வெடிப்பு எங்கே தொடர்புபட்டிருக்கிறது என்பதைக் கணினியில் போடும் மாதிரிக் கணக்கு தானாகச் சொல்லாது. முன்னால் துளைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தோண்டல் நடக்கும் முகப்பில் இரண்டு மூன்று மீற்றர் துளைத்து, இரும்புக் குழாயைச் சீமெந்துக் கூழால் இறுக்கி, வால்வு பூட்டி, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே அதன் வழியே 30 மீற்றர் உள்ளே துளைக்க வேண்டும். நீர் வந்தால் வால்வைத் திறந்து நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று அளந்து, பிறகு மூடி அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். வரம்பு மீறினால் தோண்டலை நிறுத்திவிட்டு முன்னால் சீமெந்துக் கூழ் ஏற்ற வேண்டும். உடைத்த பிறகு ஏற்றினால் ஓடும் நீர் கூழைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தால் நீர் வற்றிய பாதிப்பைக் கணக்கெடுப்பது என்றால் கிணறுகளை எண்ணுகிறார்கள். தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனம் தண்ணீர் பிடிக்கும் பீலியை, அதாவது ஊற்று நீர் விழும் குழாயை, யார் அளந்து வைத்தார்கள்? காணி அவர்கள் பேரில் இல்லை, அதனால் பீலியும் யாருடையதும் இல்லை என்றாகிறது. 20 லீற்றர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லீற்றர். வாரம் ஒருமுறை, மழை பெய்ததா என்பதோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். தோண்டல் தொடங்குவதற்கு முன் ஒரு முழு ஆண்டுப் பதிவாவது இல்லாவிட்டால், நீர் குறைந்தது வரட்சியாலா சுரங்கத்தாலா என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.