மண்டையில் கரண்ட் வைத்தால் ஒற்றைத் தலைவலி தீருமா? காரைக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் வலி.

தீராது, வலி வரும் நாட்கள் குறையலாம். அதுவும் எல்லோருக்கும் இல்லை. மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி), இப்படி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட மைக்ரேன்.

நீங்கள் கேட்பது டிடிசிஎஸ், அதாவது மண்டைக்கு வெளியிலிருந்து மூளைக்கு மெல்லிய கரண்ட் தரும் சிகிச்சை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகள் வழியாக 1 முதல் 2 மில்லிஆம்பியர், பெரும்பாலும் 20 நிமிடம். அறுவை இல்லை, மயக்கமருந்து இல்லை. காந்தத் துடிப்பு தரும் டிஎம்எஸ் வேறு.

சொதப்புவது பஞ்சில்தான். காய்ந்தால் தோல் எரியும், புண்ணும் ஆகலாம். சொட்டச் சொட்ட நனைத்தால் கரண்ட் வேறிடத்துக்குப் பரவும். நம்மூரில் இன்னொன்று: வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்த தலையோடு போகாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு மின்தடையைக் கூட்டும். முதல் நாளே சீயக்காய் போட்டு நன்றாக அலசி, முடியை உலர்த்திவிட்டுப் போகட்டும்.

பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகம், வலிப்பு இருந்தால் முதலிலேயே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இணையத்தில் கருவி வாங்கி வீட்டில் மாட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் மாத்திரையை எண்ணுங்கள். பாரசிட்டமால் மாதம் 15 நாளோ, டிரிப்டான் (மைக்ரேனுக்கான மாத்திரை) 10 நாளோ, அதற்கு மேலோ என 3 மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கிளப்பலாம்.