கூட்டத்துக்கு அதே எட்டுப் பேர்தான் வருகிறார்கள், மற்ற பெற்றோரை எப்படி வரவழைப்பது?

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் குழுவுக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். ஏறக்குறைய 300 குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் கூட்டத்துக்கு வருவது எப்போதும் அதே எட்டுப் பேர். வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு போட்டால் நாலைந்து பேர் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள், அன்றைக்கு ஒருவரும் வருவதில்லை. ஆண்டு விழா, நூலக வேலை, விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றையும் நாங்களே இழுத்துப்போட்டுச் செய்து களைத்துப் போய்விட்டோம். மற்றவர்களுக்கு அக்கறையே இல்லையா?

பதில்: அக்கறை இல்லை என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அந்த நினைப்பு மனதில் இருந்தால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு அழைப்பிலும் குறை சொல்லும் தொனி வந்து ஒட்டிக்கொள்ளும், வர நினைத்தவர்கூட ஒதுங்கிப் போவார். வராத பெற்றோரில் பலர் ராத்திரி பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள், மதிப்பெண் அட்டை வாங்கும் நாளில் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள். பிள்ளைமேல் அக்கறை நிறையவே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் உங்கள் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை, அதைவிட முக்கியமாக, அவர்களை யாரும் நேரில் கேட்கவில்லை.

குழுவில் போட்டோமே என்பீர்கள். 300 பேர் இருக்கும் குழுவில் ‘எல்லோரும் வாருங்கள்’ என்று போட்டால், படிக்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற 299 பேர் போவார்கள் என்றுதான் தோன்றும். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழுத்தமாகக் காட்டியது. வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல ஹெட்போன் வழியாகக் கேட்கிறது. தான் ஒருவர்தான் இதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவர் பேச்சு நிற்கும் முன்பே எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். ஓர் உயிர் ஆபத்திலேயே நிலைமை இது என்றால், நூலக அலமாரியை அடுக்க ஆள் வேண்டும் என்ற செய்திக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

ஆகவே இனிமேல் குழுச் செய்தி தகவல் சொல்ல மட்டும் இருக்கட்டும். ஆள் சேர்ப்பது தனித்தனியாக, பெயர் சொல்லி நடக்க வேண்டும். இப்போது நீங்கள் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘அன்பான பெற்றோர்களே, விளையாட்டுப் போட்டிக்குத் தன்னார்வலர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்.’ இதைப் படிப்பவருக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், தன்னால் முடியுமா, ஒரு தடவை சரி என்றால் வருடம் முழுக்க மாட்டிக்கொள்வோமா என்று எதுவுமே தெரியாது. தெரியாத இடத்தில் மனிதர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒருவரைக் கூப்பிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘வணக்கம், நான் மூன்றாம் வகுப்பில் உங்கள் மகனோடு படிக்கும் பெண்ணின் அம்மா பேசுகிறேன். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, ஓட்டப்பந்தயம் முடிகிற கோட்டில் நின்று யார் முதலில் வந்தார்கள் என்று எழுத ஒருவர் வேண்டும். கூட நானும் நிற்பேன். உங்களால் முடியுமா?’ வேலை என்ன, எப்போது தொடங்கும், எப்போது முடியும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் அதிலேயே வந்துவிட்டது. முடியாது என்று சொல்வதும் அவருக்கு எளிது, அப்படித்தான் இருக்க வேண்டும். கட்டாயத்தில் தலையாட்டியவர் அன்றைக்குக் காலையில் போனை எடுக்க மாட்டார்.

300 பேரையும் கூப்பிடச் சொல்லவில்லை. உங்கள் எட்டுப் பேரும் பள்ளி வாசலில் முகம் பார்த்துச் சிரிக்கும் அளவுக்காவது தெரிந்த இரண்டு பேரை ஆளுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். பதினாறு பேரில் ஆறேழு பேர் ஒரு தடவை வந்தாலே நல்ல தொடக்கம். தலைவரோ செயலாளரோ கேட்பதைவிட, அதே வகுப்புப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ கேட்டால் மறுப்பு குறைவாக வரும், பேச்சும் இயல்பாக இருக்கும்.

வந்தவரை உடனே பிடித்துப் பொருளாளர் ஆக்கிவிடாதீர்கள். பல குழுக்கள் புதியவரை இழப்பது இந்த இடத்தில்தான். ஒன்றரை மணி நேரம் உதவ வந்தவரிடம் ‘அடுத்த மாத விழாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் அவர் திரும்பியே பார்க்க மாட்டார். முதலில் ஒரு சின்ன வேலை, அது முடிந்ததும் நன்றி, சில வாரம் கழித்து அதைவிடக் கொஞ்சம் பெரிய வேலை. இதற்கு உங்கள் பக்கத்திலும் உழைப்பு தேவை, ஏனென்றால் ‘விழா ஏற்பாடு’ என்ற பெரிய மூட்டையை அப்படியே யாரிடமும் கொடுக்க முடியாது. அதை உட்கார்ந்து பிரிக்க வேண்டும்: அழைப்பிதழ் வாசகத்தில் பிழை பார்ப்பது, நாற்காலிக்காரரிடம் பேசுவது, படம் எடுப்பது, முடிந்ததும் அரை மணி நேரம் இருந்து ஒதுங்க வைப்பது. இதில் பாதியை வீட்டிலிருந்தே செய்யலாம். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், உடம்புக்கு முடியாத பெரியவரைப் பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் அப்போதுதான் ஓர் இடம் கிடைக்கும்.

பெற்றோர் ஏன் பள்ளியோடு சேர்ந்து இயங்குகிறார்கள், ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஹூவர்-டெம்ப்சியும் ஹோவர்ட் சாண்ட்லரும் ஆராய்ந்து, 1990-களில் ஒரு விளக்கம் வைத்தார்கள். அதன் சாரம் உங்களுக்கு உதவும். இது என் பொறுப்பில் வருகிற விஷயம்தான் என்று பெற்றோர் நினைக்கிறாரா, தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிறாரா, யாராவது அழைத்தார்களா என்று மூன்றும் சேர வேண்டும். அழைப்பிலும் பள்ளி அழைப்பது, ஆசிரியர் அழைப்பது, பிள்ளையே அழைப்பது என்று வகை உண்டு. பிற்பாடு நேரம், தெம்பு, திறமை போன்ற வாழ்க்கைச் சூழலையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள்.

இந்த மூன்றில் இரண்டாவதை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையை, குழுக்கள் கவனிப்பதே இல்லை. தான் அதிகம் படிக்கவில்லை என்று கூச்சப்படுபவர், பள்ளியில் பேசும் மொழி சரளமாக வராதவர், சின்ன வயதில் பள்ளியில் அவமானப்பட்டு இன்றைக்கும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தால் நெஞ்சு படபடக்கிறவர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள், ‘வேலை இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். இவர்களுக்குக் கூட்டம் முதல் படி ஆகாது. தையல் தெரிந்தவருக்கு நாடக உடை, தோட்ட வேலை தெரிந்தவருக்குச் செடி நடும் நாள் என்று கைக்குப் பழகிய வேலையிலிருந்து தொடங்குங்கள். மொழி பிரச்சினை என்றால் அதே மொழி பேசும் இன்னொரு பெற்றோர் பக்கத்தில் உட்காரட்டும்.

ஆசிரியரையும் பிள்ளையையும் அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் மகள் படித்துக் காட்டப் போகிறாள்’ என்று வகுப்பு ஆசிரியர் இரண்டு வரி எழுதி அனுப்பினால், குழுவின் பத்து அறிவிப்பை விட அதற்கு மதிப்பு அதிகம். பிள்ளை கையால் எழுதிய அழைப்பும் அப்படித்தான். ஆனால் பிள்ளைகள் பாடி முடிக்கும் வரை உட்கார வைத்துவிட்டு, கதவு திறக்கும் முன் சந்தா வசூல் நடத்துவது வேண்டாம். ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த அழைப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, வந்தாயிற்று. வந்தவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கதவுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய எட்டுப் பேரும் முன்னால் ஒன்றாக உட்கார்ந்து போன விழாவைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்த அப்பா ஒருவர் கடைசி வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார். கூட்டம் இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கும், முதல் அரை மணி நேரம் போன கூட்டத்தின் குறிப்பும் வரவு செலவும் ஓடும். அவர் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. அவர் ஏன் மறுபடி வர வேண்டும்?

ஆகவே வாசலில் ஒருவர் நின்று பெயர் கேட்டு, அதே வகுப்புப் பெற்றோர் ஒருவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கட்டும். சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். முதல் பதினைந்து நிமிடம் பிள்ளைகளுக்கு. ஓர் ஆசிரியர் வந்து இந்த மாதம் கணக்கில் எது கடினம், வீட்டில் எப்படி உதவலாம் என்று சொன்னால் போதும், பெற்றோர் குறிப்பெடுத்துக்கொண்டு போவார்கள். வரவு செலவை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் இருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தால், வீட்டில் விட்டு வர ஆளில்லாதவர்களும் வர முடியும். நேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள், ஒரு மாதம் மாலை, அடுத்த மாதம் விடுமுறை நாள் காலை.

அப்புறம் பணம். உங்கள் குழுவிலிருந்து கடைசியாகப் போன பத்துச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். அதில் ஆறு பணம் கேட்பதாக இருந்தால், பலர் ஏற்கெனவே அறிவிப்பு ஒலியை நிறுத்தி வைத்திருப்பார்கள். பணமும் ஆள் உதவியும் ஒரே செய்தியில் வர வேண்டாம். கொடுக்க முடியாதவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கூச்சத்தில் கூட்டத்துக்கும் வரமாட்டார்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசக்கிற விஷயம். களைத்துப் போன அந்த எட்டுப் பேரே பல இடங்களில் வாசலை அடைத்துக்கொண்டும் நிற்பார்கள், அவர்களுக்கே தெரியாமல். புதியவர் ஒரு யோசனை சொன்னதும் ‘அதெல்லாம் போன வருடமே பார்த்தாச்சு, சரிவராது’ என்ற பதில் வருகிறதா என்று கவனியுங்கள். உழைத்தவர்களுக்குத் தங்கள் வழிதான் சரி என்று தோன்றுவது இயல்பு, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேலையைக் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள். அலங்காரத்தைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு, அன்று காலை வந்து தோரணத்தை அவிழ்த்து மாற்றிக் கட்டினால் அவர் மனம் விட்டுப்போகும். பொறுப்புகளுக்குக் காலவரம்பு வையுங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஆள் வேண்டாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணையாளர் இருந்து பழகினால், மாறும்போது தடுமாற்றம் இருக்காது.

‘உங்களுக்கு என்ன தெரியும், எப்போது நேரம் இருக்கும்’ என்று படிவம் கொடுத்து வாங்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் அவர்களில் சிலரையாவது கூப்பிட வேண்டும். எழுதிக் கொடுத்தவருக்கு வருடம் முழுக்க ஒரு அழைப்பும் வரவில்லை என்றால், தன் உதவி இங்கே தேவைப்படவில்லை என்று அவர் முடிவு செய்துவிடுவார். கூப்பிட முடியாது என்றால் படிவமே வேண்டாம்.

வராதவர்களின் பட்டியலைக் குழுவில் போடுவது, பெற்றோர் வந்தால் பிள்ளைக்குப் பரிசு என்று அறிவிப்பது போன்றவற்றை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்பா இரவுப் பணிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, தவறே செய்யாமல் வகுப்பில் தலைகுனிந்து உட்காரும். எதற்காக இந்தக் குழு என்பதே அங்கே அடிபட்டுப் போகிறது.

எதை வைத்து அளப்பது என்பதையும் யோசியுங்கள். கூட்ட வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டைன் பெற்றோர் பங்கேற்பை ஆறு வகையாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்பு, பள்ளியோடு தகவல் பரிமாற்றம், தன்னார்வ உதவி, வீட்டில் கற்பதற்குத் துணை, முடிவெடுப்பதில் பங்கு, சுற்றியுள்ள சமூகத்தோடு கைகோப்பது. உங்கள் கூட்டம் இதில் ஐந்தாவது வகைக்குள் மட்டும்தான் வருகிறது. கூட்டத்துக்கே வராமல் தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்கும் தாயும் பங்கேற்பவர்தான், அவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் எத்தனை புதிய பெற்றோர் ஏதாவது ஒரு வேலையில் கை கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தால், உங்கள் முயற்சி எங்கே போகிறது என்று தெரியும். அப்படி வந்த உதவியால் என்ன நடந்தது என்பதையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். ‘நான்கு பெற்றோர் இரண்டு சனிக்கிழமை வந்ததில் நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் எண் ஒட்டியாயிற்று, திங்கள் முதல் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்’ என்ற செய்தியைப் படிப்பவர், அடுத்த தடவை கேட்டால் மறுக்க யோசிப்பார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பள்ளியில் இருப்பதிலேயே கீழ் வகுப்பில் தொடங்குங்கள் என்பேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளியில் யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இருக்கும், இன்னும் பல வருடம் அங்கேதான் இருக்கப் போகிறார்கள். அந்த வகுப்புக்கு மட்டும் ஒரு சின்னச் சந்திப்பு வையுங்கள். தீர்மானம், தேர்தல் எதுவும் வேண்டாம், பேசிப் பழகினால் போதும். பிறகு வகுப்புக்கு இரண்டு பிரதிநிதிகள் என்று மேல் வகுப்புகளுக்கும் கொண்டு போகலாம். ஒருவருக்கு முப்பது குடும்பம் என்றால் பெயர், முகம், யாருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பதெல்லாம் நினைவில் நிற்கும். ஒருவர் இந்தத் தடவை முடியாது என்றால், ‘பரவாயில்லை, அடுத்த மாதம் கேட்கட்டுமா?’ என்று கேட்டு, அடுத்த மாதம் மறக்காமல் கேளுங்கள்.