அந்தக் கொடுவாவை ஏன் விட்டேன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு கழிமுகத்தில் லூர் (ரப்பரில் செய்த போலி மீன்) போட்டுக் கொடுவா மீன் பிடித்த மாலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஊர் கிள்ளை. பிச்சாவரம் வாய்க்கால்களில் அப்பாவோடு உயிர் இறால் கோத்துத் தூண்டில் போட்டு வளர்ந்தவன். அப்பா இன்னும் தொழிலுக்குப் போகிறார். ரப்பர் மீனை மூன்று மணி நேரம் எறிந்து எறிந்து இழுப்பதில் என்ன இருக்கிறது? இறால் போட்டிருந்தால் சீக்கிரமே கிடைத்திருக்குமே. அதைவிட, ஏழு கிலோ மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

கே., கிள்ளை

அன்புள்ள கே.,

இறால் சீக்கிரம் பிடித்துக் கொடுக்கும், சந்தேகமே இல்லை. அது துடிக்கும், வாசம் விடும். மீன் அதைத் தேடி வரும். ரப்பர் மீனுக்கு அதெல்லாம் கிடையாது. மீன் எங்கே நிற்கிறதோ அங்கே நாம்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்காகவே தண்ணீரைப் பார்க்கப் பழகினேன். எனக்கு லூரில் பிடித்ததே அந்தப் பழக்கம்தான்.

அன்றைக்கு மார்கழி அமாவாசைக்கு மறுநாள். மழையில் முகத்துவாரம் திறந்திருந்தது. கோடையில் மணல் அடைத்துவிட்டால் அங்கே ஏற்றமும் வற்றமும் இருக்காது, நானும் போவதில்லை. பொழுது சாயும்போது கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தூணில் மோதுகிற நீர் இரண்டாகப் பிரிந்து ஓட, தூணுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும். கொடுவா பெரும்பாலும் துரத்தி அலைகிற மீன் இல்லை. அந்த ஒதுக்கில் நின்றுகொண்டு, ஓட்டத்தில் அடித்துவரும் மடவைக் குஞ்சை வாய் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். அப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், கரை வரைக்கும் கேட்கும். இருட்டியபின் இரண்டு தடவை கேட்டது. இரண்டும் ஒரே தூணடியில்.

லூரைத் தூணை ஒட்டி எறிந்து ஓட்டத்தோடு இறங்கவிட்டேன். ரீலில் இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். நிறுத்தினால் லூர் தலை சாய்ந்து இறங்கும். அந்தச் சாய்வில்தான் கொடுவா எடுத்தது. எடுத்ததும் நேரே தூணுக்குத்தான் ஓடும், அங்கே ஒட்டியிருக்கும் சிப்பியில் உரசினால் நூல் போச்சு. தடுத்துத் திருப்பினால் மேலே துள்ளித் தலையை உதறும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. அதனால்தான் நூல் முனையில் தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) கட்டுகிறோம். ராடைத் தாழ்த்திப் பிடித்து, மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்தேன். டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் தணல் மாதிரி சிவந்து மின்னியது. இன்னும் அந்தக் கண் நினைவில் இருக்கிறது.

சரி, ஏன் விட்டேன்? கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருஷம் கழித்து, நன்றாகப் பெருத்தபின் பெண்ணாக மாறும். ஆக அந்த ஏழு கிலோ மீன் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கொடுவாவை அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பதில் இந்தியாவில் 1997இல் முதலில் வெற்றி கண்டது அந்த நிறுவனம்தான். அங்கே அத்தனை பாடுபட்டு வளர்க்கிற தாய் மீன் ஒன்று, தானாகவே என் கைக்கு வந்திருந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனை, அங்கே பாரமண்டி, 58 செ.மீ.க்குக் குறைந்தாலும் 120 செ.மீ.க்கு மிஞ்சினாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. என் மீன் 85 செ.மீ. தான், அந்தச் சட்டப்படி எடுத்துப்போயிருக்கலாம். ஆனால் முட்டுக்காட்டில் அந்த அளவு மீனை நான் பார்ப்பதே அபூர்வம்.

பிழைப்புக்குப் பிடிக்கிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் அப்பா அந்த மீனை எடுத்துப்போயிருந்தால் அதுதான் சரி. நான் மாதச் சம்பளக்காரன், மீன் கிடைக்காவிட்டால் என் வீட்டில் உலை நிற்காது. ஒன்றரை, இரண்டு கிலோவில் கிடைக்கிற நாளில் நானும் எடுத்துப்போகிறேன். தலையைத் தனியாகப் போட்டுப் புளிக்குழம்பு வைப்போம்.

தை மாதம் கிள்ளைக்கு வரலாமென்று இருக்கிறேன். சுரபுன்னை வேரடியில் கொடுவா எங்கே நிற்கும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் இறால் போடட்டும், நான் பக்கத்தில் நின்று லூர் எறிகிறேன்.