மார்த்தாண்டம் சகோதரிக்கு

சகோதரி, பிறப்புறுப்பில் வந்திருப்பது ஹெர்பிஸ் என்ற வைரஸ் புண் என்று தெரிந்ததும், கணவர் துரோகம் செய்துவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள். இந்த வைரஸ் பல வருடம் அடையாளமே காட்டாமல் உடம்பில் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் இருவரில் யாருக்கும் வந்திருக்கலாம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ்கூட வாய்வழி உறவில் அங்கே பரவும்.

முதல் தடவைதான் வலி அதிகம், அப்புறம் பெரும்பாலும் குறையும். வைரஸ் முழுதாகப் போகாது. ஆனால் அசைக்ளோவிர் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும். புண் இருக்கும்போது உறவு வேண்டாம். இல்லாத நாளிலும் பரவலாம் என்பதால் ஆணுறை நல்லது.

ஊர் மருந்துக்கடையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமானால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இதைக் கட்டாயம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.