பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு லைப்ரரி சயின்ஸா? திருப்பூர் அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கமுங்க.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்த உங்கள் மகள் அடுத்து லைப்ரரி சயின்ஸ் படிக்கிறேன் என்கிறாள். "மூணு வருசம் கம்ப்யூட்டர் படிக்க வெச்சது, லைப்ரரில உக்காந்து புத்தகத்துக்கு சீல் குத்தறதுக்குங்களா?" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அம்மணி கேட்கிற வேலையே வேற. டாக்ஸானமி, ஆன்டாலஜி என்று அவள் சொன்னது உங்களுக்குப் பிடிபடவில்லை. உங்கள் பனியன் கம்பெனியை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

கை இல்லாத பனியனை உங்கள் ஸ்டோரில் ஆர்.என். என்று பதிவார்கள். வெளிநாட்டு பையரின் ஆர்டரில் அதே சரக்கு சிங்லெட் என்று வரும். பில்லில் எச்.எஸ்.என். என்கிற பொருள் வகை எண் 6109. உங்கள் மெர்ச்சண்டைசருக்கு மூன்றும் ஒன்றுதான் என்று தெரியும், அதனால் வண்டி ஓடுகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! "போன வருசம் சிங்லெட் எத்தனை பீஸ் போச்சு?" என்று கேட்டால், ஆர்.என். என்று பதிந்ததெல்லாம் கணக்கில் வராது. ஒரு பெயரை முதன்மைப் பெயராக நிறுத்தி, மற்றவற்றை அதன் மாற்றுப் பெயர்களாகக் கட்டி, எது எதற்குக் கீழே வரும் என்று வரிசை போட்டு வைத்தால் அதுதான் கட்டுப்படுத்தப்பட்ட சொல்தொகுதி. அந்த மேல்-கீழ் வரிசைக்குத்தான் டாக்ஸானமி என்று பெயர்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். காலர் வைத்து நெஞ்சில் பட்டன் போட்டதையும் நம்ம ஊரில் டி-ஷர்ட் என்றுதான் சொல்கிறோம். சுங்க வகைப்பாட்டில் அது டி-ஷர்ட் கிடையாது. ஆண்களுக்கான பின்னலாடைச் சட்டை என்று 6105-க்குப் போய்விடும். இது உங்கள் ஷிப்பிங் ஏஜென்ட் தலையில் மட்டும் இருக்கிற அறிவு. பின்னல் துணியா, காலர் உண்டா, பட்டன் உண்டா, யாருக்கானது என்கிற நிபந்தனைகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழியில் எழுதி வைத்துவிட்டால், சரக்கின் விவரத்தைக் கொடுத்த உடனே அது எந்த வகை என்று அதுவே முடிவு கட்டும். ஆன்டாலஜி என்பது இப்படிப்பட்ட ஏற்பாடு. அப்படி எழுதுவதற்கென்றே ஓ.டபிள்யூ.எல். என்று ஒரு மொழி 2004-இல் வந்தது. சொல்தொகுதிக்கான எஸ்.கே.ஓ.எஸ். என்னும் தரமுறை 2009-இல் வந்தது. உங்கள் மகள் படித்த கம்ப்யூட்டர் இங்கேதான் வேலைக்கு ஆகும். வீணாகாது.

இது புது மோஸ்தர் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் மெஷ் என்ற மருத்துவச் சொல்தொகுதியை நடத்திவருகிறது, ஆண்டுதோறும் திருத்துகிறது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஹார்ட் அட்டாக் என்று தட்டினால் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்று தலைப்பிட்ட கட்டுரைகளும் வந்து நிற்பது அதனால்தான். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்புக்கு அக்ரோவாக் என்ற சொல்தொகுதி இருக்கிறது. 1980களில் தொடங்கி, இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகளைப் பல மொழிகளில் கோத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்கான ஸ்னோமெட் சி.டி. என்ற சொல்தொகுதியில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு.

இதற்கெல்லாம் வழி போட்டவர்களில் ஒருவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு பொருளை ஒரே அலமாரியில் அடைக்காமல், அது என்ன, எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று கூறு கூறாகப் பிரிக்கிற முறை அது. ஆன்லைன் கடையில் இடப்பக்கம் அளவு, நிறம், துணி, கழுத்து என்று வடிகட்டுகிறோமே, அதன் பின்னால் இருப்பதும் இதே கூறுபாட்டுச் சிந்தனைதான். அந்தக் கட்டங்கள் சரியாக அமையவில்லை என்றால் உங்கள் சரக்கு இருந்தும் வாங்குகிறவன் கண்ணில் படாது.

சரி, வேலைக்கு வருவோம். இதில் உங்களுக்கு இனிப்பாக எதையும் சொல்லப் போவதில்லை. கோயம்புத்தூர்க் கல்லூரிகளின் கேம்பஸ் இன்டர்வியூவில் 'ஆன்டாலஜிஸ்ட்' என்று யாரும் ஆள் எடுப்பதில்லை. மருந்து நிறுவனங்கள், ஆன்லைன் வர்த்தக நிறுவனங்கள், ஆய்விதழ்ப் பதிப்பகங்கள், வங்கிகளின் டேட்டா பிரிவுகள் ஆகியவற்றில் டாக்ஸானமிஸ்ட், மெட்டாடேட்டா ஸ்பெஷலிஸ்ட், நாலெட்ஜ் இன்ஜினியர் என்ற பெயர்களில் இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பெங்களூரு, ஐதராபாத், சென்னை. ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளைப் போல ஆயிரக்கணக்கில் எடுக்கிற துறை அல்ல இது. முதல் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். அது வேறு பெயரில், டேட்டா அனலிஸ்ட் என்றோ கேட்டலாக் எக்ஸிகியூட்டிவ் என்றோ, கிடைத்தாலும் தட்டிக் கழிக்க வேண்டாம்.

வெறும் லைப்ரரி சயின்ஸ் பட்டம் மட்டும் இந்த வேலையை வாங்கித் தராது என்பதையும் அம்மணிக்குச் சொல்லிவிடுங்கள். வகைப்படுத்தும் அறிவு, கொஞ்சம் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி, ஏதாவது ஒரு துறையின் உள்விவரம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். மூன்றாவது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே வீட்டில் இருக்கிறது. சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக் என்ற இரண்டு பின்னல் துணிகளுக்கும் வித்தியாசம் தெரிந்த பெண் நகரத்து மாணவர்களுக்கு நடுவில் தனியாகத் தெரிவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக நீங்கள் எழுதிய மெடிக்கல் கோடிங் வேறு சங்கதி. அங்கே யாரோ செய்துவைத்த குறியீட்டுப் பட்டியலைப் பார்த்து நோயாளியின் ரிப்போர்ட்டுக்கு எண் போடுவார்கள். சீக்கிரம் சம்பளம் வரும், கேவலமும் இல்லை. ஆனால் உங்கள் மகள் விரும்புவது அந்தப் பட்டியலைச் செய்கிற பக்கம். வேலை உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கிற இன்ஸ்டிடியூட்களிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

ஏ.ஐ. வந்தால் இதெல்லாம் இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் லேபிள் ஒட்டுகிற அடிமட்ட வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. எந்த லேபிள் இருக்க வேண்டும், எது எதோடு சேரும், இரண்டு பிரிவினர் ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்தினால் யார் சொல்வதை ஏற்பது என்கிற தீர்ப்பு மனிதரிடம்தான் நிற்கிறது. ஏ.ஐ. பிசகாமல் பதில் சொல்ல இப்படிச் சரிபார்த்த தகவல் வலை வேண்டும் என்று நிறுவனங்களே தேடுகின்றன. அதனால் லேபிள் ஒட்டுவதோடு அவள் நின்றுவிடக் கூடாது.

இப்போதைக்கு ஒரு சோதனை வையுங்கள். ஆன்டாலஜி எழுத உதவும் ப்ரோட்டிஜே என்ற இலவச மென்பொருளை இறக்கி, உங்கள் ஃபேப்ரிக் ஸ்டோரில் புழங்குகிற சொற்களில் ஐம்பதை எடுத்து அடுக்கச் சொல்லுங்கள். கட்டிங் மாஸ்டரிடமும் செக்கிங் அக்காக்களிடமும் போய்க் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரே துணிக்கு ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், சண்டை கூட வரும். நான்கே நாளில் சலித்துவிட்டால் இந்தத் துறை அவளுக்கு வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் "ரிப்பை எங்கே போடறது?" என்று உங்களைச் சாப்பிட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் தாராளமாக அனுப்பலாம். அந்த வேலையையே இன்டர்வியூவில் எடுத்துக் காட்டலாம்.

படிப்புக்கு என் முதல் பரிந்துரை பெங்களூருவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டி.ஆர்.டி.சி. என்ற ஆவண ஆய்வு, பயிற்சி மையம். 1962-இல் ரங்கநாதனே தொடங்கியது. அங்கே இரண்டு வருட எம்.எஸ். லைப்ரரி சயின்ஸ் உதவித்தொகையோடு நடந்துவருகிறது. நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு. அறிவிக்கை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். தகுதி, கட்டணம் எல்லாம் அந்த வருடத்து அறிவிக்கையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் பாரதியார் பல்கலைக்கழகத்திலோ சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ நூலக அறிவியல் சேரட்டும், கூடவே பைத்தானையும், தகவல் வலையில் கேள்வி கேட்கிற ஸ்பார்க்கிள் மொழியையும், விக்கிடேட்டா என்ற இலவசத் தகவல் தளத்தில் பழகட்டும். பின்னால் நெட் தகுதித் தேர்வு எழுதித் தேறினால் கல்லூரி நூலகர் பதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

கல்யாணப் பேச்சை அந்த இரண்டு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்பது உங்கள் வீட்டு முடிவு. அதை இப்போதே அம்மணியிடமும் அவள் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு அந்தப் பேச்சு எடுத்தால் படிப்பும் கெடும், வீட்டில் நிம்மதியும் கெடும்.