ஆற்றுப் பல்லும் வீட்டுக் காளையும்

கேள்வி: இங்கே பர்மாவில், பெகு ஆற்றில் நான் மாடு குளிப்பாட்டும் துறையில் ஒரு பல் கிடைத்தது. இரண்டு அங்குல நீளம், பழுப்பு நிறம், மேலே பிறை நிலா போல வளைவுகள். புலிப் பல் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஏதாவது நோயில் செத்து, தண்ணீர் கெட்டுப்போயிருக்குமோ என்று பயம். போன மாதம் தரகரிடம் ‘நாலு பல்’ என்று வாங்கிய காளை வேறு வைக்கோலை மென்று உருண்டையாகத் துப்புகிறது. தண்ணீர்தான் காரணமோ? (பெகு அருகே ஒரு விவசாயி)

பதில்: தம்பி, அது புலிப் பல் இல்லை. புலியின் கடைவாய்ப் பல் கத்தி போலக் கூராக இருக்கும், அதில் பிறை இருக்காது. பிறைக் கோடுகள் இருந்தால் அசைபோடும் விலங்கு. அந்த அளவுக்கு மாடு, இல்லையென்றால் எருமை. ஒற்றைப் பல்லை வைத்து இரண்டில் எது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குதிரையின் பல் என்றால் மேலே கோடுகள் இன்னும் சிக்கலாக மடிந்திருக்கும். பழுப்பு நிறம் ஆற்றுச் சேறு ஏறியது. உடம்பில் பல்லின் மேற்பூச்சுதான் எல்லாவற்றிலும் கெட்டி. எலும்பு மக்கிய பிறகும் பல் கிடக்கும். அந்தப் பல் உங்கள் தண்ணீரைக் கெடுத்திருக்காது. ஆனால் சதை ஒட்டிய எலும்போ, வீங்கிய பிணமோ மிதந்தால் தொடாதீர்கள், மாட்டையும் அங்கே இறக்காதீர்கள். அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம்.

சரி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்குப் பெரிய கவலை. மென்ற வைக்கோலை உருண்டையாகத் துப்பும் காளைக்குத் தண்ணீரைவிட வாயில்தான் கோளாறு இருக்கும். கடைவாய்ப் பல் கூராகி கன்னத்தைக் கிழித்திருக்கலாம், பல் ஆடலாம், சொத்தையாகி இருக்கலாம்.

அந்த ‘நாலு பல்’லை நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா? மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. நம் நாட்டு மாட்டுக்கு முதல் ஜோடி பெரிய பல் இரண்டு வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் முளைக்கும். மூன்று வயதுக்குப் பக்கத்தில் நாலு பல். அப்போது நடுவில் நாலு பெரிய பல்லும், ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டாகச் சின்னப் பால் பல்லும் இருக்க வேண்டும். ஓரத்தில் பால் பல் இல்லாமல் நாலு மட்டும் நின்று, அதுவும் இடைவெளி விட்டுக் குச்சி போலத் தேய்ந்திருந்தால், அது முளைத்த நாலு இல்லை, மிச்சமிருக்கும் நாலு. தரகர் இளங்காளை விலையில் கிழட்டுக் காளையைக் கொடுத்திருக்கிறார். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி இளசாகக் காட்டும் தரகர்களை நிறையப் பார்த்தாயிற்று. பல்லை அப்படி மாற்ற முடியாது. வாயைத் திறக்க விடாத தரகரிடம் மாடு வாங்கவே வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுக்கு, விழுங்க முடியாத நிலை, குணம் மாறியிருப்பது, நாய் கடித்த சந்தேகம், இதில் எது இருந்தாலும் வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநாய் நோயாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. நாக்கில் கொப்புளமும் குளம்பிடையில் புண்ணும் இருந்தால் கோமாரி. மற்ற மாடுகளிடமிருந்து உடனே பிரித்துக் கட்டுங்கள்.

எதுவானாலும் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். பல் கூராக இருந்தால் வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி ராவி விடுவார். மருந்துக்கடையில் ‘பசிப் பொடி’ கொடுப்பார்கள், வாங்காதீர்கள். காளைக்குப் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. அதற்குப் பொடி என்ன செய்யும்? இரும்பு அரத்தால் நானே ராவுகிறேன் என்று ஊரில் யார் வந்தாலும் விடாதீர்கள். டாக்டர் வரும்வரை வைக்கோலைச் சிறிதாக நறுக்கி ஊறவைத்துக் கொடுங்கள். இளம் புல்லும் தவிட்டுக் கஞ்சியும் சேருங்கள். அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை விழுகிறது, வாயின் எந்தப் பக்கமாக விழுகிறது என்று இரண்டு நாள் பார்த்து வைத்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.